தளும்பாத கோப்பை

டுலூத்தில் பிப்ரவரி.
துறைமுகம் உறைந்து கிடக்கிறது, கப்பல் வருவதில்லை.
மெத்தைக் கடைக்கும் அதே கதிதான்.
மூன்று மணிக்கு அந்த இருவரும் வந்தார்கள்:
ஆர்வோ லாத்தினன், இரும்புத்தாது ஏற்றி ஏற்றி ஓய்வுபெற்றவர்,
அவர் மனைவி மார்லிஸ், கையில் சின்ன நோட்டு.
பூட்ஸைக் கழற்றட்டுமா என்றார் அவர்.
கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்திருக்கிறோம்,
அப்படியே படுங்கள் என்றேன்.

முதலில் மெமரி ஃபோம்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர்.
அந்த வாரம் அதை விற்றால் எனக்குத் தனியாக நாற்பது.
அவர்களிடம் சொல்லவில்லை,
உங்களிடம் சொல்கிறேன்.

உள்ளங்கையை அழுத்தி எடுத்துக் காட்டினேன்.
ஐந்து விரலும் பள்ளமாய் நின்றன.
பிறகு ஒவ்வொன்றாய் நிரம்பின, சுண்டுவிரல் கடைசியில்.
"நினைவுன்னு பேரு.
நாலு நொடியில மறந்துட்டுதே" என்றார் ஆர்வோ.
படுத்தார்.
தோள் புதைந்தது, இடுப்பு புதைந்தது,
தரைதட்டிய கப்பல் போல ஒரு பெருமூச்சு.
"புரளணும்னா மனு கொடுக்கணும் போல."
கொஞ்சம் சூடு பிடிக்கும், ஒப்புக்கொண்டேன்.
இந்த ஊரில் அது ஒரு குறையா?

அடுத்தது ஹைப்ரிட்.
"எங்கப்பா விதைச்ச சோளம் மாதிரியா?"
ஏறக்குறைய.
மேலே மூன்று அங்குலம் ஃபோம்,
கீழே தனித்தனித் துணிப்பையில் எண்ணூறு சுருள்வில்.
காற்று போகும்.
ஓரத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டினால் சரியாது.
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது.
ஆர்வோ விசிலடித்தார்.

இந்த இடத்தில்தான் வழக்கமாகக் கோப்பையை எடுப்பேன்.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
மெமரி ஃபோமில் அரைக்கோப்பையே தளும்பாது.
கால் நீண்ட கண்ணாடியில் திராட்சைச் சாறு;
அதை ஒரு பாதியில் நிறுத்திவிட்டு
மறுபாதியில் தொப்பென்று விழுவேன்.
பதினோரு வருடத்தில் ஒருமுறையும் சிந்தியதில்லை.
விழுந்தேன்.
கோடு போட்டது போல் நின்றது சாறு.
"இவர் எத்தனை தடவை புரண்டாலும்
உங்களுக்குத் தெரியவே தெரியாது."

மார்லிஸ் சிரிக்கவில்லை.
"நடுங்கினா?"

எனக்குப் புரியவில்லை.

"ராத்திரியில இவருக்குச் சர்க்கரை இறங்கும்.
கூப்பிட வராது.
முதல்ல கால் நடுங்கும்,
பழைய மெத்தையில அது என் முதுகுக்கு வந்து சேரும்.
எழுந்து ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பேன்.
முப்பத்தொரு வருஷமா அப்படித்தான்.
கையில ஒட்டுற கருவி இருக்கு, அலறும்.
ஆனா என்னைவிடப் பத்து நிமிஷம் லேட்டு."

ஆர்வோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
யார் வீட்டுக் கதையோ என்பது போல.

இதற்கு எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் பதில் இல்லை.
கோப்பையை வாங்கி
அந்தம்மாவே ஹைப்ரிட்டின் மேல் வைத்தார்.
கணவரை மறுபக்கம் படுக்கச் சொன்னார்.
"காலை ஆட்டுங்க."
பூட்ஸ் கால் லேசாக ஆடியது.
சாற்றின் மேல் ஒரு வட்டம்,
அதற்குள் இன்னொன்று.
"இன்னும் மெதுவா."
வட்டம்.

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு
அது இருந்த இடத்தில் தான் படுத்தார்,
முதுகைத் திருப்பி, கண்ணை மூடி.
ஹீட்டர் சத்தம் மட்டும் கடையில்.
"இப்போ" என்றார்.
"இப்போ."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஏன் நிறுத்திட்டீங்க?"

நோட்டில் கணக்கு ஓடியது.
நானூற்றைம்பது அதிகம்,
பத்து வருட உத்தரவாதம்,
ராத்திரிக்குப் பன்னிரண்டு சென்ட்.
"ஜூஸுக்கே அதைவிட ஆகுது."
கையெழுத்து.
டெலிவரி செவ்வாய்க்கிழமை,
பழைய மெத்தையை நாங்களே எடுத்துக்கொள்வோம்.
அதை மட்டும் வேண்டாம் என்றார்,
புதுசு பழகும்வரை இருக்கட்டும் என்றார்.

கடையடைக்கையில் சாறு மிச்சமிருந்தது.
நின்றபடியே குடித்தேன்.
ஃபோமில் நான் விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்.
யாரும் விழுந்தது போலவே இல்லை.